உடல்நலப் பாடம்: ‘ஈமியா’ என்று முடிந்தால் பதறாதீர்கள்



பெரிய ஆஸ்பத்திரிக்கோ அரசாங்கக் கிளினிக்கிற்கோ போய் வருகிறவர்கள் கையில் ஒரு கார்டு இருக்கும். அதில் டாக்டர் ஒரு நீளமான சொல்லை எழுதியிருப்பார். “டிரஸர் ஐயா, இதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று தோட்ட மருந்துக் கொட்டகைக்கு அதை எடுத்து வருகிறவர்கள் வாரம் தவறாமல் உண்டு. சிலர் அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் சாப்பாடு, தூக்கம் இல்லாமல் போய்விடுகிறார்கள். வேறு சிலர், புரியாத சொல்தானே என்று கார்டைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுகிறார்கள். பயமும் கெடுதல், அலட்சியமும் கெடுதல்.

ஆகவே இந்த மாதம் ஒரே ஒரு சொல்லைப் பாடமாகப் படிப்போம். அந்தச் சொல் ‘ஹைமா’. பழைய கிரேக்க மொழியில் ஹைமா என்றால் இரத்தம். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால், கார்டில் வரும் பத்துப் பன்னிரண்டு பெரிய சொற்கள் தாமாகவே பிரிந்து பொருள் சொல்லும்.

கிரேக்கச் சொல் நம் கார்டுக்கு எப்படி வந்தது?

சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க நாட்டில் ஹிப்போகிரட்டீஸ் என்ற வைத்தியர் இருந்தார். அவர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்கள் கிரேக்க மொழியில் எழுதப்பட்டவை. பிறகு ரோமர் காலத்திலும் பேர்பெற்ற வைத்தியர்கள் பலர் கிரேக்கர்களாகவே இருந்தார்கள். அதனால் ஐரோப்பாவில் வைத்தியம் படித்தவர்கள் கிரேக்கத்தையும் இலத்தீனையும் விடவில்லை. புதிதாக ஒரு நோயைக் கண்டால், பழைய கிரேக்கத் துண்டுகளை ஒட்டித்தான் பெயர் வைத்தார்கள். ஆங்கிலம் அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டது. மலாய் மொழியும் எழுத்தைக் கொஞ்சம் சுருக்கி எடுத்துக்கொண்டது. எனவே கார்டு ஆங்கிலத்தில் இருந்தாலும் மலாயில் இருந்தாலும் உள்ளே இருப்பது அதே ஹைமாதான்.

ஹைமாவை அடையாளம் காண்பது எப்படி?

சொல்லின் முன்னால் வந்தால் ‘ஹீமோ’ அல்லது ‘ஹெமோ’ என்று ஒலிக்கும். ஆங்கிலத்தில் எச்-ஏ-இ-எம் என்று தொடங்கும். மலாயில் நடுவில் உள்ள ஏ போய்விடும், எச்-இ-எம் என்று இருக்கும். சொல்லின் கடைசியில் வந்தால் ‘ஈமியா’ என்று முடியும். மலாயில் ‘எமியா’ என்று கேட்கும். முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ‘இது இரத்தத்தைப் பற்றிய சமாச்சாரம்’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘ஹெமி’ என்று ஒரு துண்டு உண்டு. அது ஹைமாவின் சொந்தம் அல்ல. ஹெமி என்றால் பாதி. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கைகால் விழுந்துவிட்டவருக்கு ‘ஹெமிபிளீஜியா’ என்று எழுதுவார்கள். அது உடம்பில் பாதி செயலிழந்தது என்று பொருள்படும். இரத்தம் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல.

நம் வீட்டிலேயே இருக்கும் மூன்று துண்டுகள்

ஹைமாவுக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் துண்டுகளில் மூன்று முக்கியமானவை. அவற்றை மனப்பாடம் செய்யவே வேண்டாம். கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக் குடும்பம். சமஸ்கிருதத்திலிருந்து நம் பேச்சுக்கு வந்த சொற்களில் இந்த மூன்றும் ஏற்கெனவே இருக்கின்றன.

முதலாவது ‘அன்’. இல்லை என்று பொருள். அநேகம் என்கிறோமே, அது அன் + ஏகம். ஏகம் என்றால் ஒன்று, அநேகம் என்றால் ஒன்றல்ல, பல.

இரண்டாவது ‘ஹைப்பர்’. மேலே, மிஞ்சி என்று பொருள். நம்மிடம் உள்ள ‘உபரி’ இதன் உடன்பிறப்பு. செலவு போக மேலே நிற்கும் பணத்தை உபரி என்கிறோம் அல்லவா?

மூன்றாவது ‘ஹைப்போ’. கீழே, குறைந்து என்று பொருள். நம்மிடம் உள்ள ‘உப’ இதன் உடன்பிறப்பு. சங்கத்தில் தலைவருக்கு அடுத்து, அவருக்குக் கீழே இருப்பவர் உபதலைவர்.

ஹைப்பர் என்றால் உபரி, ஹைப்போ என்றால் உப. இந்த இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வேறுபாடு ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடியது. எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

அனீமியா: இரத்தசோகை

அன் + ஹைமா. ‘இரத்தம் இல்லை’ என்பது சொல்லின் பொருள். உண்மையில் இரத்தம் இல்லாமல் போவதில்லை. இரத்தத்தின் சிவப்புச் சத்து குறைந்துவிடுகிறது. அந்தச் சிவப்புச் சத்துக்குப் பெயர் ஹீமோகுளோபின். முன்பாதி கிரேக்க ஹைமா, பின்பாதி உருண்டை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாம் இழுக்கும் மூச்சுக்காற்றில் உள்ள பிராணவாயுவை உடம்பு முழுக்கச் சுமந்து போவது இதுதான். கார்டில் ‘எச்.பி.’ என்று போட்டு ஒரு எண் எழுதியிருப்பதும் இதைத்தான். ஆண்களுக்கு 13-க்கும், பெண்களுக்கு 12-க்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும் குறைந்தால் பொதுவாக இரத்தசோகை என்கிறார்கள். கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5 வரை ஏற்றுக்கொள்வதுண்டு.

கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்திருக்கும். மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். நெஞ்சு படபடக்கும். “வயசாயிடுச்சு, அதான் அசதி” என்று பலர் தாங்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். இரும்புச்சத்துக் குறைவும், மாதவிலக்கில் அதிகம் போவதும், அடுத்தடுத்துப் பிள்ளைப்பேறும், வயிற்றில் புண்ணும் இதற்குக் காரணமாகலாம். வெறுங்காலோடு நடக்கும் இடங்களில் கொக்கிப்புழு பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சும். நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தோட்ட மக்களைச் சோகை பிடிக்க வைத்ததில் இந்தப் புழுவுக்கும் மலேரியாவுக்கும் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் காலணி போடுங்கள், கக்கூஸைச் சுத்தமாக வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

இரும்பு மாத்திரை கொடுத்தால் அதைத் தேத்தண்ணியோடு விழுங்காதீர்கள். தேயிலையும் காப்பியும் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் முன்பின் தள்ளிக் குடியுங்கள். எலுமிச்சைச் சாறோ, கொய்யாப்பழமோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாகச் சேரும். மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போகும். அதற்குப் பயந்து மாத்திரையைக் குப்பையில் போட வேண்டாம். ஈரல், மீன், முட்டை, பருப்பு, கீரை இவற்றை முடிந்தவரை சேருங்கள்.

லுக்கேமியா: பெயர் ஒன்றுபோல், நோய் வேறு

கர்ப்பிணிப் பெண் ஒருவர் கார்டில் ‘அனீமியா’ என்று எழுதியிருந்தார்கள். லயத்தில் யாரோ, “ஈமியான்னு முடிஞ்சா அது இரத்தப் புற்றுநோய்” என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. மூன்றாம் நாள்தான் கார்டு என் கைக்கு வந்தது. எச்.பி. 9.8, இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

‘லூக்கோஸ்’ என்றால் கிரேக்கத்தில் வெள்ளை. லுக்கேமியா என்றால் வெள்ளை இரத்தம். 1847-இல் ஜெர்மன் மருத்துவர் ருடோல்ப் விர்க்கோ இந்தப் பெயரை வைத்தார். இரத்தத்தில் வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய் இது. ஈமியா என்ற கடைசித் துண்டு இரண்டு சொல்லிலும் ஒன்றுதான். நோயைக் காட்டுவது முன்னால் உள்ள துண்டு. லுக்கேமியா என்றே எழுதியிருந்தாலும் எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பெரும்பாலோர் இன்று குணமடைகிறார்கள். மந்திரம், தாயத்து என்று நாளைக் கடத்தாமல் சிகிச்சைக்குப் போவதுதான் முக்கியம்.

தலசீமியா: கடலோர இரத்தம்

‘தலஸ்ஸா’ என்றால் கடல். மத்தியதரைக் கடலோரத்து மக்களிடம் முதலில் கவனிக்கப்பட்டதால் இப்படிப் பெயர் வந்தது. 1925-இல் அமெரிக்க மருத்துவர் தாமஸ் கூலி இந்நோய் கண்ட குழந்தைகளைப் பற்றி எழுதினார். கடல் என்று பெயர் இருந்தாலும் இது கடலால் வருவதல்ல. தாய் தகப்பன் வழியாகப் பிள்ளைக்கு வருவது. மலேசியாவில் எல்லா இனத்தாரிடமும் இது இருக்கிறது.

நோயின் கூறு மட்டும் உடம்பில் இருப்பவரைக் கேரியர் என்பார்கள், மலாயில் ‘பெம்பாவா’. அவருக்குப் பெரும்பாலும் ஒரு தொல்லையும் தெரியாது. ஆனால் கணவன் மனைவி இருவருமே ஒரே வகைக் கேரியராக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடுமையான நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட பிள்ளைக்கு வாழ்நாளெல்லாம் இரத்தம் ஏற்ற வேண்டி வரலாம். ஆகவே கல்யாணத்துக்கு முன்பே பையனும் பெண்ணும் இரத்தம் சோதித்துக்கொள்வது ஜாதகம் பார்ப்பதைவிட அவசியம்.

இன்னொன்றும் கவனியுங்கள். தலசீமியா கேரியருக்கும் இரத்தம் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். இரும்புச்சத்துக் குறைவு போலவே தோன்றும். ஆனால் உடம்பில் இரும்பு குறையாதவருக்கு இரும்பு மாத்திரையால் பலன் இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ஹைப்போவா, ஹைப்பரா?

இப்போது பாடத்தின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். ‘கிளைக்கிஸ்’ என்றால் கிரேக்கத்தில் இனிப்பு. குளுக்கோஸ் என்ற சொல்லும் இதற்குச் சொந்தம்தான். ஹைப்பர் + கிளைக்கிஸ் + ஹைமா சேர்ந்து ‘ஹைப்பர்கிளைசீமியா’. இரத்தத்தில் இனிப்பு மிஞ்சிவிட்டது, உபரி. ஹைப்போ + கிளைக்கிஸ் + ஹைமா சேர்ந்து ‘ஹைப்போகிளைசீமியா’. இரத்தத்தில் இனிப்பு கீழே விழுந்துவிட்டது, உப. எழுத்தில் பார்த்தால் ஒரு துண்டுதான் மாறுகிறது. வைத்தியமோ நேர் எதிர்.

நம் மக்களிடம் இனிப்பு நீர் வியாதி அதிகம். இனிப்பு நீர் என்றாலே “சீனியைத் தொடாதே” என்ற ஒரே பாடம்தான் மனதில் நிற்கிறது. ஆனால் இன்சுலின் ஊசியும் சிலவகை மாத்திரைகளும் எடுத்துக்கொள்கிறவருக்கு, சாப்பாடு தவறினால் இனிப்பு அளவுக்கு மீறி இறங்கிவிடும். நம் வேலையை எண்ணிப் பாருங்கள். விடியற்காலை எழுந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பசியாறாமல் பெரட்டுக்கு ஓடி, மரம் வெட்டவோ குலை அறுக்கவோ மேட்டில் ஏறி இறங்கினால் என்ன ஆகும்?

ஒரு தோட்டத்தில் இப்படித்தான் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு நிரையில் தள்ளாடிக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் குளிர்ந்த வேர்வை. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில். மண்டோர், “காலையிலேயே தண்ணி போட்டுட்டு வந்திருக்கான்” என்று வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். கூட வேலை செய்த அம்மாள், “அவருக்கு இனிப்பு நீருங்க, காலையில ஒண்ணும் சாப்பிடல” என்று சொல்லி, தன் பிளாஸ்க்கில் இருந்த இனிப்புத் தேத்தண்ணியைக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அவருக்குத் தெளிந்துவிட்டது. தனியாக வீட்டுக்கு நடந்திருந்தால் வழியில் விழுந்திருப்பார்.

இனிப்பு இறங்கினால் தெரியும் அறிகுறிகள்: திடீர் வேர்வை, கை நடுக்கம், கடும் பசி, படபடப்பு, பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம். கருவியில் பார்த்தால் 4-க்குக் கீழே இருக்கும். உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் பாருங்கள். தெளியவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்ததும் ரொட்டியோ சோறோ சாப்பிடச் செய்யுங்கள். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இனிப்பு ஏறினால் தெரியும் அறிகுறிகள்: ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், உடம்பு இளைத்தல், பார்வை மங்கல், ஆறாத புண். இது பெரும்பாலும் மெதுவாக வரும். இதற்கு மருந்தும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் வேண்டும். இதோடு வாந்தியோ, வேகமான மூச்சோ, மயக்கமோ வந்தால் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

மருந்து சாப்பிடுகிறவர் வேர்த்து நடுங்குகிறார், கருவியும் இல்லை, ஹைப்போவா ஹைப்பரா என்று தெரியவில்லை என்றால்? நினைவோடு இருந்தால் சீனித் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். ஏறியிருக்கும் இனிப்பில் மூன்று கரண்டி கூடுவதால் வரும் கெடுதல் சிறிது. இறங்கியிருக்கும் இனிப்பை அப்படியே விட்டால் வரும் கெடுதல் பெரிது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். “விடியற்காலை வேலை, எத்தனை மணிக்கு மருந்து, எத்தனை மணிக்குச் சாப்பாடு?” என்று டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பையில் நாலு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்.

யுரேமியாவும் ஹீமட்டூரியாவும்

‘ஊரோன்’ என்றால் கிரேக்கத்தில் சிறுநீர். இதையும் ஹைமாவையும் இடம் மாற்றி ஒட்டினால் இரண்டு நோய்க்குறிகள் கிடைக்கும். ஊரோன் முன்னால் வந்தால் யுரேமியா: சிறுநீரில் போக வேண்டிய கழிவு இரத்தத்தில் தங்கிவிட்டது, அதாவது சிறுநீரகம் பழுது. ஹைமா முன்னால் வந்தால் ஹீமட்டூரியா: சிறுநீரில் இரத்தம் போகிறது. வலி இல்லாவிட்டாலும் இரண்டாவதை ஒரு தடவை கண்டாலே சோதிக்க வேண்டும்.

சிறுநீரகம் கெட்டவருக்குச் செய்வது ஹீமோடயாலிசிஸ். டயாலிசிஸ் என்றால் பிரித்தெடுத்தல். இரத்தத்திலிருந்து கழிவைப் பிரித்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். மலேசியாவில் டயாலிசிசுக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இனிப்பு நீரே காரணம். இந்த நிலைக்கு வந்துவிட்ட தகுதியுள்ள தொழிலாளர்களுக்குச் சொக்சோ மூலம் உதவி உண்டு. விவரத்தைக் கிளைச் செயலாளரிடம் கேளுங்கள்.

இன்னும் மூன்று சொற்கள்

ஹெமரேஜ்: ஹைமாவோடு ‘வெடித்தல்’ சேர்ந்தது. இரத்தப்போக்கு. டெங்கியில் ‘ஹெமரேஜிக்’ என்று சொல்வது இதைத்தான். 2009-இல் உலகச் சுகாதார நிறுவனம் பிரிவுகளை மாற்றி ‘கடும் டெங்கி’ என்று பெயரிட்டது. பழைய பெயர் இன்னும் பேச்சில் உண்டு. காய்ச்சல் இறங்கும் நாளில்தான் ஆபத்து அதிகம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கறுப்பு மலம் கண்டால் ஓடுங்கள். டெங்கி என்று சந்தேகம் இருந்தால் ஆஸ்பிரின் கூடாது.

ஹெமராய்ட்: இரத்தம் ஒழுகுதல் என்று பொருள். நம் மூலவியாதிதான். ஆனால் மலத்தில் போகும் இரத்தமெல்லாம் மூலம் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள். குடல் புற்றுநோயிலும் போகும்.

ஹெமாப்டிசிஸ்: இருமித் துப்பும்போது இரத்தம். காசநோயாக இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், இரத்தம் வராவிட்டாலும் சளியைச் சோதிக்க வேண்டும்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய நாலு கேள்விகள்

கார்டில் ஈமியா என்றோ ஹீமோ என்றோ கண்டால் இவற்றைக் கேளுங்கள். முன்னால் உள்ள துண்டுக்கு என்ன அர்த்தம்? என் எண் எவ்வளவு, இருக்க வேண்டியது எவ்வளவு? காரணம் என்ன? அடுத்த சோதனை எப்போது? கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பதில் புரியாவிட்டால் மிஸ்ஸியிடம் திருப்பிக் கேளுங்கள். படிக்கிற பிள்ளையைக் கூட அழைத்துப் போய், சொல்வதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பயிற்சி

கீழே உள்ள நாலு சொற்களைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். எது இரத்தத்தைப் பற்றியது, எது இல்லை?

1. செப்டிசீமியா. ‘செப்டிக்கோஸ்’ என்றால் அழுகச் செய்வது.
2. ஹைப்பொக்சீமியா. நடுவில் ஆக்சிஜன் இருக்கிறது.
3. ஹைப்போதெர்மியா. ‘தெர்மே’ என்றால் வெப்பம்.
4. ஹீமோபிலியா. ‘பிலியா’ என்றால் நாட்டம்.

விடைகள்

1. இரத்தம்தான். காயத்துக் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. செம்பனை முள் குத்திய இடம் சிவந்து வீங்கி, குளிர்காய்ச்சலும் வந்தால் வீட்டில் பத்துப் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.
2. இரத்தம்தான். இரத்தத்தில் பிராணவாயு குறைவு. 2020, 2021-இல் கோவிட் நோயாளிகளுக்கு விரலில் கருவி மாட்டிப் பார்த்தது இதைத்தான்.
3. இரத்தம் அல்ல. உடம்புச் சூடு குறைந்துவிட்டது. கடைசியில் ‘மியா’ மட்டும் கேட்டால் போதாது, ‘ஈமியா’ இருக்க வேண்டும்.
4. இரத்தம்தான். சிறு காயத்திலும் இரத்தம் எளிதில் நிற்காத பரம்பரை நோய். பல் பிடுங்கும் முன்பு டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

நாலும் சரியாக வந்ததா? வந்திருந்தால், வீட்டில் உள்ள பழைய கார்டுகளை எடுத்து இன்று இரவே ஒரு தடவை படித்துப் பாருங்கள். அடுத்த சோதனைத் தேதி கடந்துபோன கார்டு ஏதாவது அதில் இருந்தால், நாளைக்கே கொட்டகைக்குக் கொண்டு வாருங்கள்.